கழுவிய தூண்

...கழுவியிருக்கிறாள், போயும் போயும் தூணைக் கழுவியிருக்கிறாள், நிலநடுக்கத்தில் வெடித்த கான்கிரீட் தூணுக்கு யாராவது குழாய் பிடிப்பார்களா, விரிசலெல்லாம் தண்ணீர் குடித்துக் கிடக்கிறது... பெய்-ஜுன் ஸ்கூட்டர்களுக்கும் தூணுக்கும் நடுவில் ஒடுங்கி நின்று ரேடார் பெட்டியை மறுபடி மேலிருந்து கீழே உருட்டினாள், திரையில் ஒரே கலங்கல், இவ்வளவு ஈரத்தில் அலை எங்கே திரும்பி வரும், உள்ளே தூணைச் சுற்றிக் கட்டிய கம்பி வளையம் இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? கேட்டால் மாமியார் என்ன சொன்னாள், "ஆபீஸ்லருந்து ஆள் வர்றப்ப வாசல் அழுக்கா கெடந்தா என்னடி நினைப்பாங்க?" வரப்போகும் ஆள் மருமகள்தான் என்று தெரிந்தும்! ஹுவாலியன் ஊரிலேயே இந்தப் பெட்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மற்றவன் துறைமுகப் பக்கம் போய்விட்டான், மாமியார் குடியிருக்கும் இந்தக் கட்டடம் இவள் தலையில் விடிந்தது. மஞ்சள் தாள் ஒட்டினால் பழுதுபார்த்துக்கொண்டு இருக்கலாம், சிவப்பு என்றால் இன்றைக்கே வெளியே, அத்தையோ மூன்றாம் மாடியில் நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிக்கொண்டிருக்கிறாள், வாசனை படியிறங்கி வருகிறது.

சற்றுமுன் இறங்கி வந்து பெட்டிமேல் தின்பண்டப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். "பச்சைதான், மஞ்சள் இல்ல, தேதி கூடப் பாத்துட்டேன். இனி உன் பெட்டி சமர்த்தா இருக்கும்." "அத்தே, மேல போகாதீங்க, தெருவுல நில்லுங்க." "கோழி அடுப்புல இருக்கு, போடி." பொட்டலத்தின் பேரே சமர்த்து, பச்சையை வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது, மஞ்சள் ஆகாது, தேதி தாண்டியதும் ஆகாது என்று ஊர் நம்பிக்கை, அலுவலகத்திலும் எல்லா இயந்திரத்தின்மேலும் இதே பச்சைப் பொட்டலம்தான், சிரிக்கவா முடியும்... தூணின் பின்பக்கம் பூமிசாமியின் மாடம் ஒட்டி நிற்கிறது, சாமிமேல் யார் தண்ணீர் அடிப்பார்கள், அங்கே காய்ந்திருக்குமே? கையை நுழைத்தாள், உலர்ந்த சிமெண்டு, பெட்டியை இழுத்தாள், திரையில் பளிச்சென்று ஒரு வளைவு, கம்பிதான், அடுத்தது சாண் தூரத்துக்குள் வரவேண்டும், வரவில்லை, இன்னும் வரவில்லை, முழங்கை நீளம் தாண்டி ஒன்று, அதற்கப்புறம் தரைவரை ஒன்றுமே இல்லை. இன்னொரு ஆட்டம் வந்தால் இந்தத் தூண் நிற்காது. சமர்த்துப் பெட்டி, சொன்ன பேச்சுக் கேட்டுவிட்டது. கலங்கலாகவே இருந்திருந்தால், ஈரம் காயட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு மேலே போய் உட்கார்ந்திருக்கலாம்... அடிப்பாவி, அதற்காகவா இவ்வளவு நேரம் ஈரமான பக்கத்திலேயே உருட்டிக்கொண்டிருந்தாய்? "பெய்-ஜுன்! ரெண்டு கிண்ணம் வச்சிட்டேன், ஆறிப்போகுது, வர்றியா?" வருகிறேன் என்றாள், பையில் சிவப்புத் தாளைத் துழாவியபடி, எந்தப் படியில் நின்று சொல்வது என்று தெரியாமல்.