வெள்ளிக்கிழமைப் பொட்டு

கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று எங்கள் ஆபீசில் என்னைத் தவிர எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நான் அங்கே டைப்பிஸ்ட். திருச்செங்கோட்டில் காளியண்ணன் ஒரே ஒரு போர்வெல் ரிக் லாரி வைத்திருந்த காலத்திலிருந்து அவருக்குக் கடிதம் அடித்துக் கொடுக்கிறவள். பெயர் சாலம்மாள். எனக்கு வாய் நீளம் என்று ஆபீசில் சொல்வார்கள். இருக்கட்டும், அந்த வாய் இல்லையென்றால் அத்தனை டிரைவர்களுக்கு நடுவில் ஒருத்தி காலம் தள்ள முடியாது.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதம் அது. பெட்டியை ஓட்ட வந்தவள் வசந்தாமணி, முதலாளியின் அண்ணன் நாச்சிமுத்துவின் மகள். சேலத்தில் கணிதம் படித்து முடித்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய் வந்திருந்தாள். என் வேலைக்கு உலை வைக்க வந்தவள் என்று அவளை வெறுக்கத் தயாராகத்தான் இருந்தேன். முடியவில்லை. வந்த முதல் வாரமே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அக்கா, உங்க விரல் வேகத்துக்கு இது உங்களுக்குத்தானுங்க லாயக்கு” என்று சாவிப்பலகையை என் பக்கம் தள்ளினாள். அப்படிப்பட்ட பெண்ணை என்ன செய்வது?

அவளுக்குக் கோயமுத்தூர் போய்ப் பெரிய கம்ப்யூட்டர் படிப்புப் படிக்க வேண்டும். நாச்சிமுத்து அண்ணனுக்கோ மல்லசமுத்திரத்தில் தோட்டம் துரவோடு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் முதலாளி ஒரு வழி சொன்னார்.

“விஜயதசமிக்கு மத்த ரிக் மொதலாளிங்களையெல்லாம் கூப்பிடறேன். ஸ்பேர் சாமானக் கணக்கு மொத்தத்தையும் இதுல ஓட்டிக் காட்டு அம்மிணி. காட்டிப்போட்டீன்னா கோயமுத்தூருக்கு நானே அனுப்பறேன். இல்லீன்னா உங்கப்பன் சொல்ற எடத்துக்குக் கழுத்த நீட்டிரோணும்.”

“சரிங்க சித்தப்பா” என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. பயந்தது நான்தான்.

நாச்சிமுத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். மகள் என்றால் உயிர். முன்பு தானே ரிக்கில் நின்று துளை போட்டவர். எங்கோ ஆந்திராவில் வேலை நடக்கும்போது காற்றுக்குழாயின் இணைப்புப் பிடுங்கிக்கொண்டு அடித்ததில், பக்கத்தில் நின்ற ஆள் அங்கேயே போய்விட்டார். அண்ணனுக்கு ஒரு காது மந்தமானதோடு சரி. அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் லாரி லாரியாக ஏறி, குழாய் இணைப்புகளைக் கழற்றுவார். துடைப்பார். உள்வாயில் சந்தனமும் குங்குமமும் வைத்து மறுபடி பூட்டுவார். “மெஷின் ஆளக் கொல்றதில்ல, ஜாயிண்டுதான் கொல்லுது” என்பார். அவர் பொட்டு வைக்காத வண்டியை எடுக்க எந்த டிரைவருக்கும் துணிச்சல் கிடையாது. 

லாரி முடிந்தால் ஆபீஸ். நாங்கள் வருவதற்கு முன்பே திறந்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை என் டைப்ரைட்டரின் எழுத்துக் கம்பிகளுக்கே குங்குமம் அப்பிவிட்டார். அன்று அடித்த கடிதத்தில் பாதி எழுத்து சிவப்பாக விழுந்தது. நான் கத்திய கத்தலில் அடுத்த வாரத்திலிருந்து மேல்மூடியில் மட்டும் வைத்தார்.

கம்ப்யூட்டர் வந்ததும் வசந்தாமணி முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள். “கண்ணாடியில மட்டும் வெச்சராதீங்கப்பா. எழுத்துத் தெரியாது.”

“கண்ணுல படற எடத்துல வெக்க மாட்டேன் சாமி. நீ நிம்மதியா வேலையப் பாரு” என்றார்.

சில வாரங்கள் பெட்டி ஒழுங்காக ஓடியது. பிறகு திரை துடிக்க ஆரம்பித்தது. எழுத்துகள் நடுங்கும், சரிந்து ஓடும், சட்டென்று எல்லாம் இருட்டாகிவிடும். சில நேரம் தானாகவே வெளிச்சம் வரும். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை சாதுவாக இருக்கும். எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கரண்ட் சரியில்லை என்று முதலில் ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். அடங்கவில்லை. பிளக்கை வேறு சுவரில் செருகினார்கள். எர்த் சரியில்லை என்று எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். பின்பக்கம் ரிக் லாரியின் கம்ப்ரெசரைத் தரை அதிர ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் திரை அதிகமாகத் துடிக்கிறது என்று வசந்தாமணிதான் கண்டுபிடித்தாள். மேசையை உள் அறைக்கு மாற்றினோம். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். டிரைவர் தங்கமுத்து ஒருநாள் உள்ளே வந்து, ரேடியோவை அறைகிற மாதிரி பக்கவாட்டில் ஓர் அறை விட்டான். படம் பளிச்சென்று வந்தது. அன்றிலிருந்து ஆளாளுக்கு அறையத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டி வாங்கிய அறையை மனிதன் வாங்கியிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பான்.

வசந்தாமணி அறையவில்லை. யோசித்தாள். திரை இருண்டு கிடக்கும்போதே தட்டிப் பார்த்தாள். பிரிண்டரில் கணக்கு சரியாகவே வந்தது.

“அக்கா, உள்ள எல்லாம் நல்லாத்தான் ஓடுது. கோளாறு மேல இருக்கற இந்த டிவியிலதான், இல்லாட்டி ரெண்டுக்கும் நடுவால போற ஒயர்ல” என்றாள். நேராக அப்பாவிடம் போனாள். “அப்பா, பின்னால அந்த ஒயரு பிளக்க உருவி ஒருக்காப் பாத்தர்றனுங்க.”

நாச்சிமுத்து அண்ணன் பதறிவிட்டார். “வேண்டாஞ் சாமி. கரண்டு சமாச்சாரம். நீ பொறத்தால கையே வெக்கக் கூடாது. ஆயிரம் பெட்டி போகட்டும், எனக்கு நீ ஒருத்திதான்.”

“சுவிட்ச அணைச்சுப்போட்டுத்தானுங்க பாப்பேன்.”

“எம்மேல சத்தியம், தொடாத.”

அப்பன் மேல் சத்தியம் என்றபின் அவள் தொடவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை. அந்தக் குணத்தை நான் அப்போது மெச்சினேன். இப்போது நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது.

பெட்டி விற்ற சேலத்துக் கடையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். டை கட்டியிருந்தார். மனுஷர் உள்ளே நுழைந்ததும் திரை பொம்மை மாதிரி சமர்த்தாக எரிந்தது. பின்னால் கையை விட்டு ஒயரை ஓர் அழுத்து அழுத்தினார். டீ குடித்தார். “மெஷின்ல ஒண்ணுமில்லைங்க. ஆபரேட்டருக்கு இன்னும் பழக்கம் பத்தலை” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். வசந்தாமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விஜயதசமி வந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. நாச்சிமுத்து அண்ணன் ஒரு கிண்ணம் சந்தனம் அரைத்து, மகளுக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்று சாமியிடம் வாய்விட்டே கேட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் ரிக் முதலாளிகள் வெள்ளை வேட்டியும் செண்ட் வாசனையுமாக வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். வசந்தாமணி நாலு சாவிதான் தட்டியிருப்பாள். திரை இருண்டது. தங்கமுத்து ஓடி வந்து அறைந்தான். வரவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. இருண்ட திரையைப் பார்த்தபடியே தட்டிக்கொண்டு போனாள். பிரிண்டர் கிறீச்சிட்டுத் தாளைத் தள்ளியது. நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிசகில்லை. பார்க்காமல் அடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று ஒரு டைப்பிஸ்டுக்குத் தெரியும். தாளை முதலாளிகளிடம் நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை. அவர்கள் டிவி பார்க்க வந்தவர்கள்.

“பொட்டப்புள்ள கைல மெஷினக் குடுத்தா இப்படித்தான் காளியண்ணா” என்றார் ஒருவர். “சில கைக்கு ராசி கெடையாது” என்றார் இன்னொருவர். நல்ல நாளும் அதுவுமாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பெட்டிமேல் துணி போர்த்தி மூலையில் வைத்தார்கள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க, கடையிலிருந்து வேறொரு இன்ஜினியர் வந்தார். இவர் முன்பக்கம் உட்காரவே இல்லை. பெட்டியைத் திருப்பி, பின்னால் திரைக்குப் போகிற ஒயரின் பிளக்கை உருவினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் பிளக்கைத் தட்டினார். காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொலபொலவென்று உதிர்ந்தன. அதற்கும் மேலே ஈரம் காயாத ஒரு புதுப் பொட்டு.

“யாருங்க பிளக்குக்குள்ள பொட்டு வெச்சது?” என்று கேட்டார். “ஊசி ஊசியா உள்ள இருக்குது பாருங்க. அத்தனையிலும் சந்தனம் ஏறிப்போச்சு. ஆடினா ஒட்டும், ஆடினா உடும்.”

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்துச் செருகினார். திரை நிலா மாதிரி எரிந்தது. கம்ப்ரெசரை ஓட்டினார்கள். அசையவில்லை. முதலாளி உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாசற்படியில் நின்ற நாச்சிமுத்து அண்ணனைப் பார்க்கும்வரை.

அவர் சிரிக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார். “சாலம்மா, மல்லசமுத்திரம் வரைக்கும் எங்கூட வாரியா? தனியாப் போனா எனக்கு வாய் வராது” என்றார்.

வசந்தாமணியின் மாமியார் நல்ல மாதிரி. “வாங்கண்ணா, ஊட்டுக்குள்ள வாங்க” என்று பாய் போட்டார். “வசந்தா, ஃபேனப் போடு” என்றார். வசந்தாமணி சுவிட்சுப் பக்கமே போகவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள்.

“எதுக்கும் கை வெக்க மாட்டாளுங்க” என்று மாமியார் சிரித்தார். “மிக்சி, டேப்பு, லைட்டு, ஒண்ணும் தொடறதில்ல. தொட்டாக் கெட்டுப்போகும்கறா. மத்தபடி தங்கமான புள்ள.”

வேகமாகத் தட்டும் அந்த விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. மாமியார் காபி வைக்க எழுந்து போனதும், நாச்சிமுத்து அண்ணன் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். லாரிக்குச் செய்வது போலவே இதற்கும் செய்ததை, கண்ணில் படாத இடம் என்று பிளக்கின் உள்வாயைத் தேர்ந்ததை, ஆயுத பூஜைக்குக் கூடுதலாக வைத்ததை.

வசந்தாமணியின் முகம் மாறியது. பழைய பெண் எட்டிப் பார்த்தாள். “அதானுங்கப்பா. வெள்ளிக்கெழம வெச்சது காஞ்சு, சனிக்கெழமதான் ரொம்ப மோசமா இருக்கும். நானும் ஏன் ஏன்னு யோசிச்சனுங்க. அந்த ஆளு அழுத்துனதும் ஒரு வாரம் நல்லா இருந்துச்சே, அக்கா, ஞாபகம் இருக்குதுங்களா? நடுவால இருக்கற ஒயருன்னு நாந்தான் சொன்னனே.” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். சுருட்டியிருந்த முந்தானை நுனியை விட்டாள்.

“அப்ப எங் கையால இல்லீங்களாப்பா?”

“இல்ல சாமி” என்றார். “எங் கையால.”

“கோயமுத்தூருக்கு வேணா இப்பக்கூட...” என்று தொடங்கினார். அவள் புடவை மடிப்பைத் தன் வயிற்றின்மேல் சரிசெய்து, கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். அவர் பார்த்தார்.

வெளியே பொழுது இறங்கியிருந்தது. மாமியார் சமையலறையிலிருந்து மகளைக் கூப்பிட்டு விளக்கைப் போடச் சொன்னார். நாத்தனார் வருவதற்குள் வசந்தாமணி எழுந்தாள். சுவிட்சின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போட்டாள். குழல்விளக்கு இரண்டு தடவை துடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் நாச்சிமுத்து அண்ணனின் மோதிர விரலை நான் பார்த்தேன். காலையில் வைத்த பொட்டின் சந்தனம் நகக்கண்ணில் இன்னும் இருந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டு, மகள் திரும்புவதற்குள் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.