வினோத்குமாரின் வேகமான கம்ப்யூட்டர்

பெண் பார்க்க வந்த அன்றே வினோத்குமார் அதைச் சொல்லிவிட்டான். வாலாஜாபாத்தில் கீர்த்தியின் வீட்டுக் கூடத்தில், கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க வூட்ல கம்ப்யூட்டர் கீதுங்க. செம ஸ்பீடு. உங்க வேலைய நீங்க எங்க ஊரு பெருநகர்லயே பண்ணிக்கலாம்" என்றான்.

கல்யாண வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பாட்டு சேர்த்துப் படமாக்கித் தருவது கீர்த்தியின் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடமாட்டேன் என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. அதற்கு இந்த ஒரு வாக்கியத்திலேயே பதில் கிடைத்துவிட்டதால் சம்மதித்தாள். அவன் சிரிப்பும் நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து, வைகாசி மாதச் சனிக்கிழமை ஒன்றில், அந்த வேகத்தைச் சோதிக்கும் நாள் வந்தது.

உத்திரமேரூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வசந்த்குமார் ஒரு முழுக் கல்யாணத்தை அவளிடம் ஒப்படைத்திருந்தார். மணமக்கள் அன்று நாலு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள். படமும், எடுத்த காட்சிகள் அத்தனையும், மொத்தம் முந்நூறு ஜி.பி., ஒரு ஹார்ட் டிஸ்கில் அதற்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும். காட்சிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது சமையலுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதால் அதன் வேகம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டு, இரண்டு மணிக்கு ஹார்ட் டிஸ்கைச் சொருகினாள்.

இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று காட்டியது திரை.

பயந்துபோய் வசந்த்குமாருக்குப் போன் செய்தாள். "இந்தத் தபா சொதப்புனா அடுத்த வேலைய காஞ்சிபுரம் பசங்களுக்குக் குடுத்துருவேம்மா. தப்பா நெனச்சிக்காத" என்று அவர் அன்பாகவே சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

"போனா போவுது வுடு" என்றாள் மாமியார் கனகா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வூட்ல சோறு இல்லாமயா கீது?"

வினோத்குமார் ஒரகடத்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அன்று அவனுக்கு விடுமுறை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கீர்த்தியை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு பெரிய டாக்டரைப் போலத் திரையை உற்றுப் பார்த்தான். பிறகு 'ரெஃப்ரெஷ்' என்பதைப் பதினோரு முறை அமுக்கினான்.

"இப்போ பாரு."

இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது.

"ஹார்ட் டிஸ்க் டுபாக்கூரு."

"புதுசுங்க. போன வாரம்தான் பிரிச்சது."

"அப்போ வயரு."

"வயரும் அதுங்கூட வந்ததுதான்."

"அப்போ உன் ஃபைலுங்கதான் வெயிட்டு. நம்ம சிஸ்டத்த ஒண்ணும் சொல்லாத. இதுக்கு ஈடா இந்த ஊர்லயே கெடையாது."

அது பத்து வருடம் முன்பு உண்மையாக இருந்திருக்கலாம். கீர்த்தி மவுஸை வாங்கி, கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். யு.எஸ்.பி. என்ற தலைப்பின் கீழே, மற்ற வரிகளுக்கு நடுவில், ஒரு வரியில் 3.0 என்று இருந்தது.

"இருக்குங்க! வேகமான யு.எஸ்.பி. இதுல இருக்கு. ஆனா முன்னாடி இருக்கற ரெண்டும் அது இல்ல. அது பெரும்பாலும் உள்ள நீலமா இருக்கும், இது கறுப்பு. பின்னாடி பாக்கணும்."

"நான்தான் சொன்னேனே ஸ்பீடுனு" என்றான் வினோத்குமார் உடனே. பிறகுதான் அவள் சொன்னதன் கடைசி பாதி அவனுக்கு உறைத்தது. "பின்னாடியா? கை வெக்காத. ஷாக் அடிக்கும்."

வாங்கிய நாளிலிருந்து அவன் அந்தப் பெட்டியின் முதுகைப் பார்த்ததில்லை. கீர்த்தி மேஜையை இழுத்தாள். பல்லி முட்டை இரண்டும், பழைய பஸ் டிக்கெட்டுகளும், ஒட்டடையும் தெரிந்தன. செல்போன் டார்ச்சை அடித்தாள். கீபோர்டும் மவுஸும் கறுப்புத் துளைகளில் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு நீலத் துளைகள். இரண்டும் காலியில்லை.

ஒன்றிலிருந்து கிளம்பிய வயர் சுவரேறிப் போய், திருப்புட்குழிப் பெருமாள் படத்தைச் சுற்றி மினுமினுக்கும் சின்ன விளக்குச் சரத்தில் முடிந்தது. மற்றொன்றிலிருந்து வந்த வயர், கனகாவின் நாற்காலிக் கையில் மாட்டியிருந்த குட்டி மின்விசிறிக்குப் போனது. வீட்டின் இரண்டே இரண்டு அதிவேகப் பாதைகளில் ஒன்றைப் பெருமாளும் மற்றதை மாமியாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு ஜி.பி. மூட்டையோடு வந்த மருமகள் வரப்பில் நடந்துகொண்டிருந்தாள்.

"யார் இங்க சொருவுனது?" என்றான் வினோத்குமார்.

"நான்தான். ஏன்?" என்றாள் கனகா.

"முன்னாடிதான் ரெண்டு எடம் சும்மா கீதேம்மா!"

"முன்னாடி சொருவுனா மந்தமா சுத்துதுடா. பின்னாடி கருப்புலயும் போட்டுப் பாத்தேன், அதுவும் அப்டிதான். அந்த நீலத்துலதான் காத்து சொய்யுனு வருது. மூணு வருசமா அதுலதான் போட்டுக்கினு கீறேன்."

கீர்த்தி டார்ச்சை அணைக்க மறந்து மாமியாரைப் பார்த்தாள். அந்த வீட்டில் எந்தத் துளைக்கு என்ன திறன் என்று ஒவ்வொன்றாகச் சொருகிச் சோதித்துப் பார்த்த ஒரே ஆள், எட்டாவதோடு படிப்பை நிறுத்திய கனகா. நிபுணர் மூன்று வருடமாக அதே அறையில் உட்கார்ந்து ரெஃப்ரெஷ் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அத்தை, ஒரு முக்கா மணி நேரம் இத எடுத்துக்கட்டுமா? இல்லனா என் வேலையே போயிடும்."

"பெருமாள் வெளக்க எடுக்கக்கூடாது. சனிக்கெழம."

"விசிறிய?"

"இந்த வேக்காட்டுலயா?"

இருவரும் வினோத்குமாரைப் பார்த்தார்கள். அம்மாவா, பெண்டாட்டியா என்ற கேள்வி வந்தால் கூரையைப் பார்ப்பது அவன் வழக்கம். பார்த்தான்.

"அவன இன்னாத்துக்குப் பாக்கற?" என்றாள் கனகா. அவளே முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள். "போன் சார்ஜர்ல சொருவுனா இன்னும் ஜோரா சுத்தும். அதையும் பாத்துட்டேன். இவன் குடுக்க மாட்டான். எப்பப் பாரு போன அதுல மாட்டி வெச்சிக்கினு நோண்டிக்கினே இருப்பான்."

வினோத்குமாரின் கை தானாகவே சுவரில் இருந்த சார்ஜரைப் பொத்தியது. "என் போன்ல ஒம்போது பர்சன்ட்தான் கீது. மூணரை மணிக்கு மேட்ச்சு."

கீர்த்தி கெஞ்சவில்லை. கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தவனை அன்று எப்படிப் பார்த்தாளோ அப்படியே பார்த்தாள். சிரிப்பு மட்டும் இல்லை. அவன் சார்ஜரைப் பிடுங்கித் தன் தாயிடம் நீட்டினான். ராஜ்யத்தைத் துறப்பவன் முகம் அதைவிடத் தெளிவாக இருந்திருக்கும்.

விசிறி இடம் மாறியது. ஹார்ட் டிஸ்க் நீலத்துக்குப் போனது. நாற்பத்தெட்டு நிமிடம் என்றது திரை. மூன்றே காலுக்கு வேலை முடிந்தது.

கீர்த்தியைப் பின்னால் உட்கார வைத்து வினோத்குமார் பைக்கை விரட்டினான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணமக்களின் கார் ஸ்டுடியோ வாசலில் நின்றிருந்தது. வசந்த்குமார் ஹார்ட் டிஸ்கை வாங்கிக் கார் ஜன்னலுக்குள் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "ஆனி மாசம் மூணு முகூர்த்தம் கீதும்மா. மூணும் உனக்குத்தான்."

"நம்ம சிஸ்டம் அப்டி சார்" என்று வினோத்குமார் நெஞ்சை நிமிர்த்தினான்.

"எங்க மாமியார்தான் சார் வழி கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க" என்றாள் கீர்த்தி. "அவங்க இல்லனா இன்னிக்கு வந்திருக்க மாட்டேன்."

நெஞ்சு பழைய அளவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் அவன் பைக்கை மெதுவாகவே ஓட்டினான். பெருநகருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, இரண்டு பக்கமும் வெறும் வயலாக இருந்த இடத்தில், வண்டியை ஓரங்கட்டினான். முன்னும் பின்னும் பார்த்தான். ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதியான பிறகு, திரும்பாமலே மெதுவாகக் கேட்டான்.

"கீர்த்தி, அந்த லிஸ்ட்டு... அத எங்க போயி தொறந்த? எனக்குச் சொல்லிக் குடேன்."

கீர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அவன் தோளில் கையை வைத்தாள்.

"வூட்டுக்குப் போலாம் வாங்க. அத்தையையும் பக்கத்துல ஒக்கார வெச்சிக்கலாம். உங்களுக்குப் புரியலனா அவங்க சொல்லிக் குடுப்பாங்க."