வேண்டாம் இருந்த இடம்

என் மகள் சிட்டுக்கு ஏழு வயது. ஆட்டிசம். வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. போன வருஷம் பேச்சுப் பயிற்சி டீச்சர் அவளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார். படத்தைத் தொட்டால் அது பேசும். பசி, தண்ணீர், அம்மா, அப்பா, ஊஞ்சல். மூலையில் இருக்கும் சிவப்புக் கட்டத்தைத் தொட்டால், "வேண்டாம்."

அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சீப்பை எடுத்தால் வேண்டாம். குளிக்கக் கூப்பிட்டால் வேண்டாம். "பேச மாட்டாளான்னு தவம் கிடந்தே, இப்ப அனுபவி" என்று இவர் சிரித்தார். இவருக்கென்ன, காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறவர். ஒருநாள் ஆத்திரத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டேன். வீடு அமைதியானது. டீச்சரிடம் மூச்சு விடவில்லை.

நான் தையல்காரி. தங்கை கல்யாணத்துக்காகச் சிட்டுக்கு ஒரு கவுன் தைத்தேன். இடுப்பில் குண்டூசி குத்திப் பிடித்து, அளவு பார்க்கப் போட்டுவிட்டேன். கத்தத் தொடங்கினாள். புதுத்துணி என்றாலே அவள் அப்படித்தான்.

"கொஞ்சம் நில்லுடி, உசுர வாங்காத" என்று இறுக்கிப் பிடித்தேன்.

மேஜையிலிருந்த டேப்லெட்டை இழுத்து, மூலையில் ஒன்றுமே இல்லாத இடத்தை விரலால் குத்தினாள். மறுபடி குத்தினாள். அது வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் கவுனில் ரத்தம் தெரிந்தது. நான் இறுக்க இறுக்க ஊசி உள்ளே இறங்கியிருக்கிறது. பாவி, பெற்றவள்தான் நான்.

காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு டீச்சருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

"இப்பவே அதைத் திருப்பி வச்சிடுங்க" என்றார். "அவ அமுக்கினா நீங்க கேக்கணும். உங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் கேக்கணும். கேக்கலேன்னா அது இருந்தும் பிரயோஜனம் இல்லைங்க."

கட்டத்தைத் திருப்பி வைத்து டேப்லெட்டை அவள் மடியில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். உடனே மூலையைத் தொட்டாள்.

"வேண்டாம்."

"ஆமாடி தங்கம், கவுன் வேண்டாம். தூக்கிப் போட்டாச்சு" என்றேன்.

அவள் இன்னொரு படத்தைத் தேடித் தொட்டாள். பிறகு மறுபடி மூலையை.

"அம்மா. வேண்டாம்."

வாரி அணைக்கக் கை போயிற்று. கேட்கணும் என்றாரே டீச்சர். கையை மடக்கிக்கொண்டு எழுந்து வந்து, அறைக்கு வெளியே கதவோரம் நின்றேன். இவர் வேலை முடிந்து வரும்வரை அங்கேயேதான் நின்றேன்.

"ஏன் இங்க நிக்கிற? உள்ள போ" என்றார்.

"சிட்டு என்னை வேண்டாம்னு சொல்லிட்டா" என்றேன். "கூப்பிட்டா போறேன்."