பெரட்டுக்கு எழுந்த கிரகம்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. மலேசியாவில், உலு திராமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணிக்குக் காத்திருந்தேன். அடுத்த மேசைக் குடும்பம் சாப்பிட்டு முடித்தும் கிளம்பாமல் பேசிக்கொண்டேயிருந்தது. காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்த ஒருவர் பொறுமையிழந்து, "பெரட்டு!" என்று ஒரு சத்தம் போட்டார். பெரியவர்கள் அத்தனை பேரும் சட்டென்று எழுந்துவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் ஏன் என்று விழித்தன. நானும் நின்றுகொண்டிருந்தேன். என் தேத்தண்ணி இன்னும் வரவேயில்லை.

(பெரட்டு: தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பாதித் தூக்கத்திலும் கால் தானாக எழும்.)

இதை வைத்து ஒரு விண்வெளிப் படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஆகவே, முன்பே எடுத்துவிட்டார்கள் என்று எழுதுகிறேன். படத்தின் பெயர் 'ஏழாம் கிரகத்து ராணி'. தேட வேண்டாம், கிடைக்காது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஏழாம் கிரகத்தின் செந்நிற வானத்தின் கீழ் நட்சத்திரக் கப்பலின் கதவு மெல்ல

அடித்துவிட்டேன். கப்பலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அது நின்ற இடம்தான் தெரியும். யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம். மரங்களில் சிவப்புத் தாள் சுற்றி அதை வேற்றுக் கிரகமாக்கியிருந்தார்கள். ராணியின் கிரீடம், வெள்ளி வர்ணம் அடித்த ஒரு பால்வாளி. (ரப்பர்ப் பால். காப்பிக்கு ஊற்றுவதல்ல.)

அந்த வாளிக்குள் இருந்தவர் சந்திரமதி. அந்தத் தோட்டத்தில் பெரட்டுக்குக் கூப்பிடும் கங்காணியின் மகள். படம் முழுக்க அவருக்கு ஒரே ஒரு வசனம். கப்பலிலிருந்து இறங்கி, தரையில் கிடக்கும் படைவீரர்களைப் பார்த்து "க்ஸ்ரூம்ஃபா!" என்று வேற்றுக்கிரக மொழியில் எழச் சொல்லி ஆணையிட வேண்டும்.

கேமரா ஓடியது. வாளி சரிந்து கண்ணை மறைத்தது. க்ஸ்ரூம்ஃபா எங்கோ பறந்துவிட்டது. அப்பா தினமும் போட்ட சத்தம் மட்டும் வாய்க்கு வந்தது.

"பெரட்டு!"

வீரர்களாக நடித்தவர்கள் எல்லாரும் தோட்டத்து ஆட்கள். ஒரு கிரகமே ஒரே அசைவில் எழுந்து நின்றது. மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லாததால் அப்படியே படத்தில் சேர்ந்தது. அதுபோல் இன்னொரு காட்சி அந்தப் படத்தில் இல்லை. ஆனால் தியேட்டரில் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டைரக்டர் கமலநாதன் சந்திரமதியிடம் அன்றைக்கு நிறுத்திய பேச்சை அதன் பிறகு தொடரவேயில்லை. சந்திரமதியை யாரும் மறுபடி நடிக்கக் கூப்பிடவும் இல்லை.

3

இப்போது அந்தப் படத்தைச் சுத்தம் செய்து ஜொகூர் பாருவில் திரையிடப் போகிறார்கள். கமலநாதன் கேட்டது ஒன்றுதான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே ஏதாவது கணினிச் சத்தம் போட வேண்டும். சந்திரமதிக்குச் செய்தி எட்டியது. பஸ் பிடித்து நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

[இந்த இடத்தில் கமலநாதனை வில்லனாக எழுதி மீசையும் வைத்திருந்தேன். அடுத்து அவர் பேசியதைக் கேட்டதும் மீசையை எடுத்துவிட்டேன்.]

"நம்ம ஆளுங்க ஒரு தடவையாவது தோட்டத்த விட்டு ஆகாசத்துக்குப் போகட்டும்னுதான் படம் எடுத்தேன், சந்திரா. நீ அங்கேயும் போய் பெரட்டுக்குக் கூப்பிட்டே!"

"போனது யாருண்ணே? நாமதானே? அப்ப நம்ம பேச்சத்தானே அங்க பேசுவோம்?"

"எழுதிக் கொடுத்தத சொல்லியிருக்கலாம்ல?"

"எதை, அந்தத் தும்மலயா? வாளிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நீங்க சொல்லிப் பாருங்க லா." சந்திரமதி குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வசனம்ணே. அதையும் எடுத்துட்டா அந்தப் படத்துல நான் வெறும் வாளி."

கமலநாதன் கணினிக்கு முன்னால் இருந்த பிரவீனாவைப் பார்த்தார். ஒலியைச் சீர்செய்பவர் அவர்தான். "எடுத்துரும்மா."

சொல்லை உருவ வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள இரைச்சலை முதலில் உரிக்க வேண்டும். பிரவீனா ஜெனரேட்டர் உறுமலை நீக்கினார். காற்றை நீக்கினார். மிச்சத்தை ஓடவிட்டார்.

"பெரட்டு!" என்றது சந்திரமதியின் இளங்குரல். சருகுகள் நொறுங்க ஆட்கள் எழுந்தார்கள். அதற்குள், கேமராவுக்கு மிக அருகிலிருந்து, பதறிப்போன ஓர் ஆண்குரல்:

"தோ, வந்துட்டேன்!"

"அலமாக்! யார் இது?" என்று பிரவீனா மறுபடி ஓடவிட்டார்.

"தோ, வந்துட்டேன்!"

சந்திரமதி திரும்பிப் பார்த்தார். கமலநாதன் நாற்காலியில் இல்லை. எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள்," என்றார் பிரவீனா, "இது உங்க குரல்தானே?"

"ஆக்‌ஷன் சொன்ன வாயாலயே..." என்று ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சந்திரமதி பதறி எழுந்தார். சிரிப்பு. அன்று தியேட்டரில் சிரிக்காத சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே," என்றார் சந்திரமதி, "ஆகாசத்துக்கு வந்தும் பெரட்டுக்கு நீங்கதான் முதல் ஆளா?"

"போதும், மானத்த வாங்காத." கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரவீனாவிடம் சொன்னார்: "இருக்கட்டும்மா. ரெண்டு குரலும் இருக்கட்டும். சத்தத்த நல்லா கூட்டி வை."

4

கதை இங்கேயே முடிந்துவிட்டதென்று நினைத்தேன். ஆனால் படம் இன்னும் திரைக்கு வரவில்லை.

ஒரு முடிவு எழுதினேன்: அரங்கம் சிரிக்கிறது. சந்திரமதி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். [பரவாயில்லை. ஆனால் அதற்காகவா அவர் பஸ் ஏறி வந்தார்?]

இன்னொன்று: கமலநாதன் முதலில் எழுகிறார், அவரைப் பார்த்து ஒவ்வொருவராக [அழகாயிருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. பெரட்டுக்கு யாரும் ஒவ்வொருவராக எழுவதில்லை.]

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். ஜொகூர் பாரு அரங்கில் உங்களுக்கும் ஓர் இருக்கை போட்டிருக்கிறேன். சந்திரமதிக்கு நேர் முன்னால். விளக்கு அணைந்துவிட்டது. அவர் திரையைப் பார்க்கவில்லை; உங்கள் முதுகு எழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கப்பலின் கதவு திறக்கிறது. வாளி சரிகிறது.

"பெரட்டு!"