முதல் வெட்டு

பொன்னுச்சாமியின் மானத்துக்கு விலை ஒரு வாழை இலை. அவரே வைத்த விலை, பேரம் படியாது. மச்சான் உக்கிரபாண்டி வீட்டுக் காதுகுத்தில் அவருக்கு இரண்டாம் பந்தியில் இலை விழுந்தது. அன்றிலிருந்து மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று உக்கிரபாண்டியே மகள் கல்யாணப் பத்திரிகையோடு சாயல்குடிக்கு வருகிறார். அண்ணன் இந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் பிறந்த வீட்டு உறவு மீளும் என்று பொன்னுச்சாமியின் மனைவி வீரலட்சுமி கணக்குப் போட்டிருந்தாள். அண்ணனுக்குப் பூசணிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் உயிர். கோடை முழுக்கப் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றி, வேலியில் ஒரே ஒரு காயைத் தேற்றி வைத்திருந்தாள்.

ஆனால் முழுப் பூசணியில் முதல் வெட்டு ஆண் கையால்தான் விழவேண்டும். அது ஊர் வழக்கம்.

"ஏங்க, ஒரு வெட்டு வெட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"உங்கண்ணன் வாரான்ல? அவனே வெட்டி அவனே திங்கட்டும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு முத்துராமலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று தலையைச் சொறிந்தான். "வெட்டக் கூடாதுன்னு அண்ணே சொல்லிட்டுப் போயிட்டாரு, மதினி. தெருவுல எல்லார்ட்டயும் சொல்லியிருக்காரு."

"தெருவுல எல்லார்ட்டயுமா?"

பதினொரு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வீரலட்சுமி அரிவாளை எடுத்தாள். ஒரே போடு. காய் இரண்டாகப் பிளந்தது.

முத்துராமலிங்கத்தின் மனைவி நாகலெட்சுமி ஓடி வந்தாள். "என்னக்கா, பொம்பள வெட்டலாமா?"

"தண்ணி ஊத்துனப்ப எவனும் ஆம்பள கை வேணும்னு கேக்கலையே!"

உக்கிரபாண்டி வந்தார், இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். "மாப்பிள்ளைய எங்க காணோம், ஆத்தா?"

"பசியில்லையாம்ணே."

அவர் பஸ் ஏறிய பிறகுதான் பொன்னுச்சாமி வந்தார். வாசனை பிடித்துப் போய்ச் சட்டியைத் திறந்தார். வழித்துத் துடைத்திருந்தது.

"எனக்கு?"

"பொம்பள வெட்டுன காய் உங்களுக்கு ஆகாதே!" வீரலட்சுமி விரலை மடக்கினாள். "மொத்தம் பன்னெண்டு கீத்து. கொழம்புக்கு அஞ்சு. அண்ணன் கையில குடுத்துவிட்டது நாலு. வெட்ட வரமாட்டேன்னவன் வீட்டுக்கு மூணு, அவன் பொண்டாட்டி கேட்டா. ஆச்சா பன்னெண்டு? காம்பு மட்டும் அடுப்படியில கெடக்கு. அது உங்க பங்கு."