சோதனைக்கு ஒரு வரி

மச்சான் நீர் விலக்கும் ஸ்பிரே விற்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவள் இறந்து பதினோரு மாதம். ஞாயிறுதோறும் என்னைப் பார்க்க வருவார். இந்த ஞாயிறு டப்பாவோடு வந்தார்.

முதலில் என் கான்வாஸ் ஷூ. ஜன்னலைத் திறந்துவைத்து அடித்தார். அரை மணி காயவிட்டுத் தண்ணீர் தெளித்தார். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடின. எனக்கே பிடித்திருந்தது. போட்டுக்கொண்டு வாளிக்குள் காலை வைத்தேன். தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

"மழைக்குத்தான் மாப்ளை இது. நீச்சலுக்கு இல்ல."

அடுத்து சோபாவுக்கு அடித்தார். அதில் தேநீர் நிற்காமல் வழிந்தது. எண்ணெய் மட்டும் நின்று ஊறியது. "எண்ணெய் வேற டிபார்ட்மெண்ட்," என்றார். உற்சாகம் தாங்காமல் குளியலறைத் துண்டுக்கும் அடித்துவிட்டார். அதில் முகம் துடைத்தேன். தண்ணீர் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது.

"பாத்தீங்களா, துண்டு நனையவே இல்ல."

"துண்டோட வேலையே நனையறதுதான் மச்சான்."

பிறகு சமையலறைக்குள் வந்தார். அதுவரை அங்கே அவர் வந்ததே இல்லை.

குழாய்க்கு மேலே ஒரு தாள் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அவள் நீல மார்க்கரில் எழுதி, பசை தடவி ஒட்டியது. எனக்கான ஒன்பது உத்தரவுகள். உரித்தால் கிழியும். பாத்திரம் கழுவும்போது தண்ணீர் தெறித்து, கடைசி வரி கரைந்துவிட்டது. அது என்னவென்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு மாதமாகப் பாத்திரங்களைக் குளியலறையில் கழுவுகிறேன். மச்சானிடம் இதைச் சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" மச்சான் டப்பாவைக் குலுக்கினார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டப்பாவின் பின்பக்கம் படித்தேன். முதலில் கண்ணில் படாத இடத்தில் சிறிது அடித்துச் சோதிக்கவும்.

"இதுல கண்ணுல படாத இடம் ஏது?"

"வேண்டாத வரி ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

இருவரும் படித்தோம். கேஸை மூடு. வெள்ளைச் சட்டையைத் தனியாகத் துவை. ஃபிரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு நின்று யோசி. வேண்டாதது எதுவும் இல்லை. ஆறாவது வரியை மச்சான் உரக்கப் படித்தார்.

"அண்ணன் எதை விற்க வந்தாலும் வாங்காதே."

படித்துவிட்டு அந்த வரிமேலேயே விரலை வைத்தார்.

"இதுல அடிப்போம் மாப்ளை."

"அது உங்களுக்கு வேண்டாத வரி."

"உங்களுக்கு மட்டும் எதுக்கு? இதுவரைக்கும் என்கிட்ட என்ன வாங்கிட்டீங்க?"

நியாயம்தான். மற்ற வரிகளை அட்டையால் மறைத்துக்கொண்டேன். மச்சான் ஒரே ஒரு அழுத்து அழுத்தினார். மை மெதுவாகப் பரவியது. முதலில் 'வாங்காதே' போனது. பிறகு 'அண்ணன்'. கடைசியில் ஒரு நீலக் கறைதான் மிச்சம்.

மச்சான் டப்பாவை மூடினார். "தண்ணியைத் தடுக்கும். மார்க்கர் மையை இந்த மருந்தே கரைச்சிடுது." குரல் இறங்கியிருந்தது. "முழுசா அடிச்சிருப்பேனே."

"அடிக்கலையே."

கறை காயும்வரை நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் மேலேயே அந்த வரியைத் திரும்ப எழுதினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"அவ எழுத்து மாதிரி வரல."

"விஷயம் சரியா இருக்கு."

கெட்டியான பிளாஸ்டிக் கவர் ஒன்றை வெட்டித் தாளின் மேல் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினோம். மச்சான் ஒரு டம்ளர் தண்ணீரை மேலே வீசிப் பார்த்தார். வழிந்து போனது.

கிளம்பும்போது ஷூவுக்காக ஒரு டப்பா கேட்டேன்.

"தரமாட்டேன்," என்றார். "எழுதியிருக்கு இல்ல?"