கவனித்தோம்

மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான். அக்கா கண்ணை மூடியபடியே, "ம், வாசி" என்றாள்.

காலையிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி ஆறு நாளாகிவிட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அத்தான் லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகிலேயே இருந்தார். "தம்பி இங்கிலீஷ்ல எழுதின கட்டுரை பத்திரிகையில வந்துடுச்சாமே, தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே ஆய்வுக்கூடம். அவன் ஆராய்ச்சியாளன். அவள் பதினேழு வருடமாக அங்கே டெக்னீஷியன். அணுக்களைத் தடவிப் பார்க்கிற நுண்ணோக்கிக்கு ஊசிமுனை செய்து கொடுப்பவள் என்பதால் எல்லோருக்கும் ஊசியக்கா. செம்புப் பரப்பின்மேல் இரண்டு கோபால்ட் அணுக்களை அந்த ஊசியால் நகர்த்தி வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். நடுவிலுள்ள தூரத்தைப் பொறுத்து இரண்டும் ஒரே திசையைப் பார்க்கும், இல்லையென்றால் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும். எந்தத் தூரத்தில் எப்படி என்பதுதான் அவன் ஆராய்ச்சி. எட்டு மாதமாக ஒன்றும் ஒத்துவரவில்லை. நேற்று ஒற்றுமையாக நின்ற ஜோடி, அதே தூரத்தில் இன்று முறைத்துக்கொண்டு நின்றது.

ஒருநாள் அக்கா தன் நோட்டைக் கொண்டுவந்து அவன் மேஜையில் விரித்தாள்.

"தப்பா வர்றதெல்லாம் பரப்பைச் சுத்தம் பண்ணி ரெண்டு நாள் கழிச்சு எடுத்ததுடா. நுண்ணோக்கிப் பெட்டிக்குள்ள எவ்வளவுதான் காத்தை உறிஞ்சினாலும் கொஞ்சம் ஹைட்ரஜன் மிஞ்சும்ல? அது போய் அணுமேல உக்காந்துக்குது, அதான் திசை மாறுது."

"நீ ஊசியப் பாருக்கா" என்று சிரித்தான். அவள் போனபிறகு சோதித்துப் பார்த்தான். அவள் சொன்னதுதான்.

மறுநாள் பேராசிரியரிடம், "எனக்கு ஒண்ணு தோணுச்சு சார்" என்று ஆரம்பித்தான். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல நா எழவில்லை. கட்டுரையில் 'கவனித்தோம்' என்று எழுதினான். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில்கூட அவள் பெயர் இல்லை. போட்டால், எதற்கு என்று பேராசிரியர் கேட்பார்.

இப்போது அந்தக் 'கவனித்தோம்' வரியில் வந்து நின்றான். 'இதை முதலில் கவனித்தவர்' என்று தொடங்கி அக்காவின் பெயரைச் சொன்னான்.

அவள் கண் திறந்தாள். "போட்டிருக்கா?"

"போடாம இருப்பேனா?"

"காட்டு."

தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தான். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கேடா" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் காலை பேராசிரியர் வந்தார். அத்தான் ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கட்டுரைல அவ பேரைப் போட்டீங்களே சார், அது போதும். சந்தோஷமாப் போயிட்டா."

பேராசிரியர் அவனைப் பார்த்தார். "அவங்க செஞ்ச ஊசி இல்லேன்னா எங்களுக்கு வேலையே ஓடாது" என்று சமாளித்தார்.

"ஊசி இல்ல சார். அந்த ஹைட்ரஜன் விஷயம். வீட்ல சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்."

அவன் பேராசிரியர் பக்கம் திரும்பினான்.

"அக்காதான் சார் கண்டுபிடிச்சா" என்றான். "நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

பேராசிரியர், "பத்திரிகைக்கு எழுது. திருத்தம் போடுவாங்க. என்ன நடந்துச்சுன்னு நீயே எழுது" என்று சொல்லிவிட்டு, உடல் கிடந்த அறைக்குள் போனார்.

அத்தானுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப நேத்து நீ வாசிச்சது?"

"நானாச் சொன்னது, அத்தான்."

"அவகிட்டக் காட்டினியே?"

"கண்ணு மங்கிப் போயிருக்கும்னு நெனச்சேன்."

"நேத்துக் காலையில மாத்திரை அட்டையில இருந்த பொடி எழுத்தை எனக்கு அவதான் வாசிச்சுச் சொன்னா, மாப்ளே."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது.

வண்டி வந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"தலைமாட்டுல நான் பிடிச்சுக்கறேன். நீ காலைப் பிடி."

அவன் கால்மாட்டுக்குப் போனான். குளிருக்கென்று போட்ட சாக்ஸ் இன்னும் கழற்றப்படவில்லை. ஒன்று குதிகாலுக்குக் கீழே நழுவியிருந்தது. குனிந்து அதை மேலே இழுத்துவிட்டான்.

"மெதுவா" என்றார் அத்தான்.

தூக்கினார்கள்.